மேல்தளத்தில் கேட்ட கேள்வி

ஹரோ, லண்டன்
12.11.1989

அன்புத் தங்கச்சி பாலாம்பிகைக்கு,

அண்ணை எழுதுகிறேன். நானும் மகள் சிவமலரும் மருமகன் பாலேந்திராவும் பேரப்பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். தைப்பிங்கில் நீயும் உன் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். உன் சீனி வருத்தம் இப்போது எப்படி? மருந்தை ஒழுங்காக எடுக்கிறாயா?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாலரை மணிக்கே இருட்டி விடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். இரண்டு கிழமையாகப் போகவில்லை. ரயில் மாறி மாறிப் போய்ப் பிறகு அந்த ஏற்றத்தில் ஏறுவது முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஜப்பான் காலத்தில் பினாங்கில் எடுத்த படம் ஒன்று உன்னிடம் இருக்கிறது. மூன்று ஜப்பான் கடற்படைக்காரருக்குப் பக்கத்தில் நான் வெள்ளைக் காற்சட்டையோடு நிற்பேன். அதை எரித்துவிடு. கிழித்துப் போடாதே, எரித்துவிடு.

இன்னொன்று. காரைநகர் ஸ்ரேசன் மாஸ்ரர் அம்பலவாணரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது விசாரித்தால், தெரியாது என்று சொல். அப்பாவின் பெயரை மறைப்பது எனக்கும் சந்தோஷமான காரியமில்லை. ஏன் என்று கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணை தில்லையம்பலம்


தைப்பிங், மலேசியா
3.12.1989

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சியின் வணக்கம். உங்கள் கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. சீனி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. மழை விடவே இல்லை, தைப்பிங் மழை உங்களுக்குத் தெரியாததா? மற்றப்படி குறை ஒன்றுமில்லை. சிவமலரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதினால் நான் கேட்காமல் விடுவேன் என்று எந்தக் காலத்தில் நினைத்தீர்கள்? அறுபத்திரண்டு வயதாகியும் என்னைச் சட்டை போட்ட சின்னப்பிள்ளை என்றா எண்ணம்? 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற மாதிரி இருக்கிறது உங்கள் கடிதம். அப்பாவைப் பற்றி ஒருவர் விசாரித்தால் அதில் என்ன கெடுதல்? இந்தப் பாதையில் அப்பாவின் கொடியைப் பார்க்காமல் ஒரு ரயில் புறப்பட்டதா? கேட்பவருக்கு நாங்கள் பெருமையாக அல்லவா சொல்ல வேண்டும்?

படத்தை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தலைமயிரோடு இருக்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

இருபத்துமூன்று வயதில் நீர்மூழ்கிக் கப்பலில் போய் வந்தீர்கள். அம்மாவும் கேட்டாள், நானும் கேட்டேன், வாயே திறக்கவில்லை. வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அறைக்கதவைச் சாத்த விடவில்லை. அது மட்டும் எனக்கு ஞாபகம். அது எப்படிப்பட்ட கப்பல், அங்கே உங்களுக்கு என்ன வேலை என்றாவது எழுதுங்களேன். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் ஏன் பயம்?

உங்கள் தங்கை,
பாலாம்பிகை


ஹரோ
7.1.1990

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும். உன் கடைசி வரி எனக்கு நன்றாகச் சுட்டது. ஆனாலும் கேட்டதற்கு எழுதுகிறேன். வாசித்ததும் இதையும் எரித்துவிடு.

அந்தக் கப்பலின் இலக்கத்தை எழுத மாட்டேன். நீளம் முந்நூற்றைம்பது அடிக்கு மேல்; தைப்பிங் ஸ்ரேசனில் மெயில் வண்டி வந்து நின்றால் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அவ்வளவு என்று வைத்துக்கொள். அதற்குள் தொண்ணூற்றுச் சொச்சம் பேர். நடுவில் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் மூடி போட்ட பெரிய இரும்புக் குழாய் ஒன்று. அதற்குள் ஒரு சின்ன விமானம் செட்டையை மடித்துக்கொண்டு கிடக்குமாம். அதைப் பூட்டிக் காற்றழுத்தத்தால் வானத்துக்கு எறிவதற்கு மேல்தளத்தில் இரண்டு தண்டவாளம். திரும்பி வந்து கடலில் இறங்கினால் கிரேனால் தூக்கி, மடித்து, மறுபடி உள்ளே வைப்பார்கள். நான் போன பயணத்தில் விமானம் இல்லை. அந்தக் குழாய்க்குள் அரிசி மூட்டையும் வெங்காயமும்தான். மூக்கில் ஆறு ரோப்பிடோக் குழாய். பின்பக்கம் ஒரு பீரங்கி. அந்தக் கப்பலின் படத்தை யார் கீறினானோ தெரியாது, ஒரு சாண் இடத்தைக்கூட வீணாக்காமல் கீறியிருந்தான். மனிதன் படுக்கத்தான் இடம் வைக்க மறந்துவிட்டான்.

மேலே ஓடும்போது டீசல். கீழே போனால் பற்றறி. பகல் முழுக்கக் கீழே கிடந்தால் காற்றுக் கெட்டு நெருப்புக்குச்சியும் பற்றாது. குளிப்பில்லை. நாற்பத்தெட்டு நாள் அப்படி. மணி அடித்தால் மேலே நிற்பவர்கள் எல்லாம் ஒரு சின்னத் துவாரத்தால் ஒருவர் தலையில் ஒருவர் விழுந்து இறங்குவார்கள். அடித்து ஒரு நிமிடத்துக்குள் மேல்தளம் தண்ணீருக்குள் போய்விடும். அவ்வளவு நல்ல கப்பல்.

என் வேலை மொழிபெயர்ப்பு. அந்த நாளில் வேலைக்காக எல்லோரும் ஜப்பான் பாஷை படித்தோம். நான் கொஞ்சம் நன்றாகப் படித்துத் தொலைத்தேன். பிடிபடும் சரக்குக் கப்பல்களின் ஆட்களை விசாரிக்க இங்கிலீசும் தமிழும் தெரிந்த ஒருவன் வேண்டுமென்று பினாங்குத் துறைமுகக் கந்தோரிலிருந்து என்னைத் தூக்கிப் போட்டார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒக்ரோபர் கடைசி வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தால், அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு. '1944இல் ஜப்பானிய நீர்மூழ்கியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், காரைநகர், மலாயா ஸ்ரேசன் மாஸ்ரர் அம்பலவாணரின் மகன், இவரைப் பற்றி அறிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்.' கீழே வெம்பிளி ரெலிபோன் நம்பர். என் பெயர் இல்லை. இங்கே என்னைப் பாலேந்திராவின் மாமனார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கும்பிடாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை.

பாலாம்பிகை, அந்தப் பயணத்தில் நான் அப்பாவின் பெயரை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் உயிரோடிருக்க வழியே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணை


தைப்பிங்
4.2.1990

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கும் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். என்னை ஏசுங்கள்.

போன நவம்பரில் எங்கள் இலங்கைத் தமிழர் சங்கத்துக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்ரேசன் மாஸ்ரர் அம்பலவாணரின் மகன் எங்கே என்று ஒரு பெரியவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். செயலாளர் அதைக் கொண்டு வந்து காட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்பாவை நினைக்கிறார்களே என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம், புளுகம். உங்கள் முழுப் பெயர், ஹரோ விலாசம், வீட்டு நம்பர் எல்லாம் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் உங்கள் முதல் கடிதம் வந்தது.

மறைத்தது பிழை. படித்தவுடன் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஏதோ பழைய வழக்கு, பெண் விவகாரம் என்று எதையோ மறைக்கிறீர்கள், தானாகத் தணியட்டும் என்று நினைத்துப் பகிடியாக எழுதிவிட்டேன். இப்போது உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் நான் செய்தது எனக்கு விளங்குகிறது. அந்த மனிதர் பெயர் சுப்பிரமணியன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

படத்தை எரித்துவிட்டேன். உங்கள் கடிதத்தையும் எரித்துவிட்டேன். உடனே பதில் போடுங்கள்.

தங்கை பாலாம்பிகை


தைப்பிங்
15.4.1990

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் நலமா? இரண்டு மாதமாகிறது, ஒரு வரியும் இல்லை. கோபமென்றால் கோபத்தை எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ரெலிபோன் எடுத்தேன். பேரன் எடுத்து 'தாத்தா நித்திரை' என்றான். உங்கள் நேரம் காலை பதினொரு மணி.

நேற்று வருஷப்பிறப்பு. கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பெயரை உரத்துச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. ஐயரின் காதுக்குள் சொன்னேன்.

தங்கை


ஹரோ
13.5.1990

அன்புள்ள தைப்பிங் மாமிக்கு,

சிவமலர் எழுதுகிறேன். உங்கள் சீனி வருத்தம், மச்சாள்மாரின் சுகம் எல்லாம் அறிய ஆவல். நாங்கள் இருக்கிறோம். அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருக்குச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கும் அப்பாவுக்கும் ஏதும் மனத்தாங்கலா? உங்கள் கடிதங்களை வாசிக்கிறார், பதில் எழுத உட்காருகிறார், பேப்பரில் திகதியைப் போட்டுவிட்டு எழும்பி விடுகிறார். கோயிலை விட்டு ஆறு மாதமாகிறது. சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போவதையும் விட்டார். கடையில் முன்பின் தெரியாத வயதானவர் ஒருவர் இவரைப் பார்த்துச் சிரித்ததற்குச் சாமான் கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். ரெலிபோன் அடித்தால் மாடிக்குப் போகிறார்.

மார்ச் மாதம் வெம்பிளியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நான்தான் கொடுத்தேன். அனுப்பியவரின் பெயரைப் பார்த்தவர் அப்படியே படிக்கட்டில் இருந்துவிட்டார். இன்றுவரை அதைப் பிரிக்கவில்லை. சாமி அலுமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நான் தூசு தட்டினால் வந்து நிற்கிறார்.

இன்னொன்று. பழைய யுத்தக் குற்றவாளிகளை இங்கே பிடித்து வழக்குப் போட பார்லிமெண்டில் ஒரு சட்டம் கொண்டு வருகிறார்கள். நியூசில் அது வந்தால் அப்பா ரீவியை நிற்பாட்டி விடுகிறார். இவர் சொன்னார்: 'மாமா, அது ஜெர்மன்காரர்களுக்கு. உங்களுக்கென்ன?' அதற்கு அப்பா, 'எனக்கென்ன? எனக்கொன்றுமில்லை' என்று மூன்று தரம் சொன்னார். பிரஜாவுரிமைப் படிவத்தில் நன்னடத்தை என்று இருக்கும் பக்கம் வந்ததும் பேனையை வைத்துவிட்டார். 'எனக்கு இது வேண்டாம் பிள்ளை, என்னைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை' என்கிறார். யாழ்ப்பாணம் இப்போதிருக்கும் நிலையில் யாராவது அப்படிச் சொல்வார்களா மாமி?

எனக்கு அப்பாவைத் தவிர வேறு யார்? உங்களுக்கு ஏதும் தெரிந்தால் எழுதுங்கள்.

அன்பு மருமகள்,
சிவமலர்


தைப்பிங்
3.6.1990

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும்.

ஏழு மாதமாக ஒரு துண்டுக் கடதாசிக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறீர்கள். உங்களை ஜெயிலில் போட இனி ஒருவரும் வரத் தேவையில்லை, நீங்களே போட்டுக்கொண்டீர்கள். அந்தப் பிள்ளை சிவமலர் உருகிப் போகிறாள்.

அண்ணை, நீங்கள் ஒரு பாவம் செய்திருந்தால் எனக்கு எழுதுங்கள். கொலை என்றாலும் எழுதுங்கள். நான் உங்களை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்த நாள் ஒன்று உண்டா? அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்காத கடிதத்தில் உலகத்திலுள்ள எல்லாமே இருக்கும். பிரித்தால் அதில் எழுதியது மட்டும்தான் இருக்கும்.

நான் செய்த பிழைக்கு உங்களிடம் கேட்கும் மன்னிப்பு இதுதான். இனி உங்களை விட மாட்டேன். பதில் வரும்வரை ஒவ்வொரு கிழமையும் எழுதுவேன்.

தங்கை பாலாம்பிகை


ஹரோ
8.7.1990

அன்புத் தங்கச்சிக்கு,

உன் ஐந்து கடிதங்களும் வந்தன. உன்மேல் கோபமில்லை. நீ சுகமாயிரு.

நேற்று அதைப் பிரித்தேன். சிவமலரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிப் பிரித்தேன். அவளுக்கும் இப்போது எல்லாம் தெரியும். கடிதத்தைப் பார்த்தெழுதி இதனுடன் வைத்திருக்கிறேன், முதலில் இதை வாசி, பிறகு அது.

1944. இலங்கைக்குத் தெற்கே, நடுப்பகல் தாண்டிய நேரம். ஒரு சரக்குக் கப்பலை ரோப்பிடோ அடித்துத் தாழ்த்தினார்கள். உயிர்காப்புப் படகுகளில் இருந்தவர்களில் பதினேழு பேரை எங்கள் மேல்தளத்துக்கு ஏற்றினார்கள். எல்லோரும் கூலி மாலுமிகள். நாகபட்டினத்தார், மலையாளத்தார், எங்களவர் ஒருவர். கைகளைப் பின்னால் கட்டி அந்தத் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருத்தினார்கள். அவர்களோடு பேச என்னை மேலே கூப்பிட்டார்கள். தளபதி சொல்லச் சொன்னதை நான் சொன்னேன். 'பயப்படாதையுங்கோ. வேறை கப்பல் வந்து உங்களை ஏத்தும். தண்ணி தருவினம். ஆடாமல் இருங்கோ.' கடலுக்குள் பாயப் பார்த்த இரண்டு பேரும் அதைக் கேட்டு அடங்கி இருந்தார்கள்.

அப்போது ஒருவர் 'தம்பி, நீர் யாழ்ப்பாணமோ?' என்றார். நீயே சொல், எங்கள் ஆட்களில் யாரால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? 'நீங்கள் எவடம்? ஆற்றை மகன்?' என்று ஊரையும் தகப்பனையும் கேட்டேன். ஊர்காவற்றுறை என்றார். நான் காரைநகர், மலாயா ஸ்ரேசன் மாஸ்ரர் அம்பலவாணற்றை மகன் என்றேன். இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு சின்னக் கடல். சிரித்தோம். பாலாம்பிகை, அந்த இடத்தில் நாங்கள் சிரித்தோம்.

பிறகு என்னைக் கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்கினேன். மணி அடித்தது. தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் பினாங்கில் வெள்ளைக்காரர் விசாரணை தொடங்குமுன் ஊருக்குக் கப்பலேறினேன். அதன் பிறகு நாற்பத்தைந்து வருஷம் எவரிடமும் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. என்னை மண்டைக்கனம் பிடித்தவன் என்று சொன்னார்கள்.

இதில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதை உனக்கு எழுதுவது சுகம், அதனால் எழுத மாட்டேன். அந்த மனிதருக்கே எழுதப் போகிறேன். எழுதினால் என்ன வருமோ தெரியாது. பயம் குறையவில்லை.

அண்ணை


(உடன் வைத்தது)

வெம்பிளி
2.3.1990

மதிப்புக்குரிய தில்லையம்பலம் ஐயா அவர்களுக்கு,

நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் மூத்த மகனோடு வெம்பிளியில் இருக்கிறேன். நெஞ்சு வருத்தத்தைத் தவிர வேறு குறையில்லை.

என் பெயர் சுப்பிரமணியன், ஊர் ஊர்காவற்றுறை. எவடம் என்று கேட்டீர்களே, அந்த ஆள். உங்கள் பெயரை எனக்கு உங்கள் தங்கை அம்மா எழுதித்தான் தெரியும். விலாசம் கிடைத்து மூன்று மாதமாகிறது. இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

அந்த நீர்மூழ்கி தாழும்போது என் கைக்கட்டு தளர்ந்திருந்தது. எப்படியோ மேலே வந்தேன். மற்றப் பதினாறு பேரில் ஒருவரையும் காணவில்லை. உடைந்த படகுப் பலகை ஒன்றில் இரண்டு நாள் கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு பிரிட்டிஷ் கப்பல் ஏற்றியது. கடற்படைக்காரர் துருவித் துருவி விசாரித்தார்கள். மொழிபெயர்ப்பாளன் யார் என்றும் கேட்டார்கள். முகம் பார்க்கவில்லை என்று சொன்னேன். காரைநகர் என்றோ அம்பலவாணர் என்றோ என் வாயில் வரவில்லை.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வளர்த்தது இதுதான்: அந்தப் பெடியனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான், எங்கள் பக்கத்துப் பிள்ளை. ஆகையால் நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களைப் பிடித்துக் கொடுக்க நான் தேடவில்லை. சாகமுன் ஒருதரம் உங்களோடு கதைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வணக்கத்துடன்,
சுப்பிரமணியன்


ஹரோ
22.7.1990

பெருமதிப்புக்குரிய சுப்பிரமணியன் அண்ணைக்கு,

உங்கள் நெஞ்சு வருத்தம் தணிந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை நாலு மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். பயந்துதான். அதற்கு மன்னிக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் என் மகள் அழுதுவிட்டு, 'அப்பா, அவரே நம்புறார், நீங்கள் பேசாமல் இருங்கோ' என்றாள். நானும் இரண்டு கிழமை பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நாங்கள் மேலே ஓடும் நாட்களில் படுக்கைப் பாய்களைக் கொண்டு வந்து மேல்தளத்தில் வெயிலில் காயப் போடுவது வழக்கம். கீழே எல்லாம் ஈரம், பூஞ்சணம். கப்பல் தாழப் போகிறது என்றால் மட்டும்தான் அவற்றை அள்ளுவார்கள். நாற்பது நாளாக நான் பார்த்தது. அன்றைக்கும் ரோப்பிடோ அடித்துவிட்டு மேலே வந்ததும் பாய்களைத் திரும்ப விரித்தார்கள்; உங்களை ஏற்றுமுன் எல்லாப் பாயும் வெயிலில் கிடந்தது. என்னைக் கூப்பிட்டு உங்களோடு பேசச் சொன்ன நேரத்தில், நாலு பேர் அவற்றை அவசரமாகச் சுருட்டி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாய் உள்ளே போகிறது, பதினேழு பேரை வெளியே இருத்துகிறார்கள். அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகுதான் 'பயப்படாதையுங்கோ' என்று சொன்னேன். மாட்டேன் என்றால் என்னையும் உங்கள் பக்கத்தில் இருத்துவார்கள் என்ற பயம். நீங்கள் தம்பி என்று கூப்பிட்டபோதும் தெரியும். ஊர் கேட்டபோதும் தெரியும்.

இதுதான் நடந்தது. பொலிசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். என் முழுப்பெயரும் விலாசமும் உங்களிடம் இருக்கிறது. இனி நான் கோயிலுக்கும் வருவேன், கடைக்கும் போவேன், ஒளிக்க மாட்டேன்.

அ. தில்லையம்பலம்


வெம்பிளி
5.8.1990

தம்பி தில்லையம்பலத்துக்கு,

நெஞ்சு நோவு பரவாயில்லை. நீர் சுகமாயிருக்க வேண்டும். உமக்கு நான் ஐந்தாறு வயது மூத்தவன் என்றபடியால் இனி ஐயா கிய்யா என்று எழுதவில்லை.

பாய் சுருட்டியதை நானும் கண்டேன்.

பதினாறு வயதில் கடலுக்குப் போனவன் நான். கப்பலில் ஒரு சாமானை அவசரமாக உள்ளே எடுத்தால் ஏன் எடுக்கிறான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. உம்முடைய முகத்தையும் பார்த்தேன். உமக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். பிள்ளைகளுக்கு நான் சொன்னது பொய்.

நீர் இறங்கிப் போன பிறகு நடந்தது உமக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்தில் நாகபட்டினத்துச் சமையற்காரர் இருந்தார். கடலுக்குள் பாயப் பார்த்த இரண்டு பேரில் அவர் ஒருவர். 'அண்ணே, அந்தத் தம்பி சொன்னது நெசந்தானா?' என்று கேட்டார். நான், 'ஓம், நெசம். எங்கடை ஊர்ப் பெடியன், பொய் சொல்லமாட்டான். ஆடாமல் இருங்கோ' என்றேன். அங்காலே இருப்பவர்களுக்கும் சொல்லச் சொன்னேன். அவர் வரிசையாகச் சொல்லிவிட்டார். உம்மை நம்பி ஒருவரும் இருக்கவில்லை, தம்பி. நீர் ஜப்பான்காரனின் ஆள். அவர்கள் என்னை நம்பித்தான் இருந்தார்கள்.

அப்போது என் கை பின்னால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கோபுரத்தில் ஒருவன் துவக்கோடு நின்றான். ஒரு ஆள் எழும்பினாலும் அவனுடைய கண் எங்கள் பக்கம் வரும், என் கையைக் காணும். அதற்காகப் பதினாறு பேரையும் பேசாமல் இருத்தி வைத்தேன். என் முடிச்சு அவிழ்ந்தது. அவர்களுடையதை அவிழ்க்க நேரம் இருக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருந்ததோ இல்லையோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை மனிசிக்குச் சொல்லவில்லை, அவள் போய்விட்டாள். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நீர் என்று எண்ணித்தான் கோயில் பலகையில் துண்டை ஒட்டினேன். ஒட்டிவிட்டு நீர் கிடைத்துவிடுவீரோ என்று பயந்துகொண்டிருந்தேன். முதற் கடிதத்தில் எழுத நினைத்ததும் இதைத்தான். கை வரவில்லை. நீர் எழுதிய பிறகுதான் எனக்கு வந்தது.

வருகிற ஞாயிறு பின்னேரம் வாரும். பிள்ளைகள் கல்யாண வீட்டுக்குப் போய்விடுவார்கள், நான் தனியே இருப்பேன். மணியை அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறும். நான் கதவைத் திறக்கச் சுணங்கினால், ஆளில்லை என்று திரும்பிப் போய்விடாதையும். மறுபக்கத்தில்தான் நிற்பேன்.

சுப்பிரமணியன்